யாழ்ப்பாணத்தில் திசைகாட்டி: 80,830 வாக்குகளை எப்படி வாசிப்பது?

வடலி (2024 நவம்பர் 17, காலை)

நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் யாழ் தேர்தல் மாவட்டத்தில் திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளோடு முதலிடத்துக்கு வந்து, ஆறு ஆசனங்களில் மூன்றைப் பெற்றிருக்கிறது. விகிதாசார முறை வந்த பிறகு தெற்கைத் தளமாகக் கொண்ட ஒரு கட்சி இங்கே முதலாவதாக வந்ததில்லை. வெள்ளிக்கிழமை முடிவு வெளியான நேரத்திலிருந்து இரண்டு விதமான பேச்சுகளைத்தான் கேட்கிறேன். தமிழர்கள் தமிழ்த் தேசியத்தைக் கைகழுவிவிட்டார்கள் என்று ஒரு தரப்பு கொண்டாடுகிறது. மற்றத் தரப்பு அதே வசனத்தைச் சொல்லி ஒப்பாரி வைக்கிறது. இரு தரப்பும் ஒரே விளக்கத்தை நம்புவதுதான் எனக்கு ஐயத்தைத் தருகிறது.

செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அக்கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்கவுக்கு யாழ் மாவட்டத்தில் கிடைத்தவை 27,086 வாக்குகள், அதாவது 7 சதவீதத்துக்குச் சற்று மேல். 54 நாள்களில் அது மூன்று மடங்காகியிருக்கிறது. ஒரு சமூகத்தின் அரசியல் நம்பிக்கை 54 நாள்களில் புரளுமா, அல்லது நாம் முதலில் இருந்தே வேறு எதையோ நம்பிக்கை என்று பெயரிட்டு வந்தோமா? நிதானமாக எழுதக்கூடியவர்கள் எழுதுங்கள்.

கணக்கன் (2024 நவம்பர் 17, பிற்பகல்)

விளக்கத்துக்குப் போகுமுன் ஆசனம் எப்படிப் பிரிந்தது என்பதைப் பார்த்துவிடுவோம். மூன்று ஆசனங்கள் என்றவுடன் யாழ்ப்பாணத்தில் பாதிப்பேர் திசைகாட்டிக்குப் புள்ளடியிட்டதாகவே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அக்கட்சிக்குக் கிடைத்தது 24.85 சதவீதம். நான்கில் ஒருவர் வாக்களித்தார். ஆசனத்தில் பாதி கிடைத்தது.

செல்லுபடியான வாக்குகள் 325,312. மாவட்டத்தில் 5 சதவீதத்தை எட்டாத பட்டியல்களின் வாக்குகளை முதலில் கழித்துவிடுவார்கள். அந்த எல்லையைத் தாண்டியவை ஆறு பட்டியல்கள்தான்: தேசிய மக்கள் சக்தி 80,830, வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழரசுக் கட்சி 63,327, சைக்கிள் சின்னத்தில் நின்ற தமிழ்க் காங்கிரஸ் 27,986, மருத்துவர் அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழு 17 பெற்ற 27,855, சங்குச் சின்னத்தில் நின்ற ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, டக்ளஸ் தேவானந்தாவின் ஈ.பி.டி.பி. 17,730. இவற்றின் கூட்டுத்தொகை 240,241. முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போய்விடுவதால், எஞ்சிய ஐந்தால் இதைப் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை 48,048 வாக்குகள். முழு விலையைக் கொடுக்க முடிந்தவை இரண்டே கட்சிகள், ஆளுக்கு ஒன்று. மிச்சமிருந்த மூன்று ஆசனங்கள் பெரிய மீதி உள்ளவர்களுக்குப் போயின: திசைகாட்டியின் மீதி 32,782, அடுத்து தமிழ்க் காங்கிரஸ், அதற்கு 131 வாக்குகள் பின்னால் சுயேச்சைக் குழு 17. சங்கு வெளியே நின்றது.

இப்போது கழிக்கப்பட்ட பகுதியைப் பாருங்கள். 5 சதவீதத்தை எட்டாத பட்டியல்கள் எல்லாம் சேர்ந்து பெற்றவை 85,071 வாக்குகள். வெற்றி பெற்ற கட்சியின் வாக்குகளைவிட இது அதிகம். ஏறத்தாழ நான்கில் ஒருவருடைய வாக்கு எண்ணப்பட்டும் ஆசனக் கணக்கில் சேராமல் போய்விட்டது. ஆறு ஆசனங்களுக்கு 44 பட்டியல்கள், 396 வேட்பாளர்கள் என்றால் இப்படித்தான் முடியும்.

இன்னொரு கணக்கும் செய்து பார்த்தேன். வீடும் சங்கும் பழைய தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாகவே நின்று, அதே வாக்குகளை அப்படியே பெற்றிருந்தால் 85,840. முதலிடமும் போனஸ் ஆசனமும் அந்தப் பக்கம் போயிருக்கும். கூட்டமைப்புக்கு மூன்று, திசைகாட்டிக்கு இரண்டு, தமிழ்க் காங்கிரஸுக்கு ஒன்று என்று பிரிந்திருக்கும். 131 வாக்குகளால் அர்ச்சுனா பாராளுமன்றத்துக்கு வெளியே நின்றிருப்பார். வாக்காளர்களில் ஒருவர்கூடத் தம் மனத்தை மாற்றாமலேயே நாளிதழ்களின் தலைப்புச் செய்தி மாறியிருக்கும்.

கடல்கடந்தவன் (2024 நவம்பர் 17, இரவு)

கணக்குப் போட்டுக் காயத்தை மூடாதீர்கள். என் தகப்பனார் உயிரோடு இருந்திருந்தால் இந்த முடிவைப் பார்த்துத் தலைகுனிந்திருப்பார். 1987ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்படிக்கையையும் மாகாண சபையையும் ஆயுதத்தோடு எதிர்த்தவர்கள் யார்? இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 2006 ஒக்டோபரில் தீர்ப்புப் பெற்றவர்கள் யார்? தேசிய மக்கள் சக்தியின் மையமாக இருக்கும் ஜே.வி.பி.தானே. அந்தக் கட்சியின் தலைவருக்கு யாழ்ப்பாணத்தில் கூட்டம் கூடுகிறது என்றால், நாம் எதை மறந்தோம் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

பழைய முகவர் (2024 நவம்பர் 18, காலை)

கடல்கடந்தவன் ஐயாவின் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் மறதி என்ற சொல்லோடு உடன்பட முடியவில்லை. ஒரு தமிழ்க் கட்சிக்காகப் பல தேர்தல்களில் வாக்களிப்பு நிலைய முகவராக இருந்தவன் நான்; இம்முறையும் இருந்தேன். கட்சியின் பெயரை எழுதப் போவதில்லை, ஏனென்றால் எழுதப் போவது அதன் மீதான மனக்குறை.

எங்கள் ஒழுங்கைக்கு ஒரே கட்சியின் மூன்று வேட்பாளர்கள் மூன்று நாள்களில் வந்தார்கள். ஒவ்வொருவரும் தம் விருப்பு இலக்கத்தை மட்டும் சொன்னார்கள். மூன்றாமவர் முதலாமவருக்குப் போட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். வாக்காளர் மூன்று விருப்பு வாக்குகள் வரை இடலாம் என்பதை மூவரில் ஒருவரும் சொல்லவில்லை. திசைகாட்டிக்காரர்கள் நான்கு இளைஞர்களாக வந்து, ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து, வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாதபோது விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். மறுநாள் அவர்களில் ஒருவன் உண்மையிலேயே திரும்பி வந்து பதில் சொன்னான். அந்த வீட்டுக்காரர் இருபது ஆண்டுகளாக வீட்டுச் சின்னத்துக்கு வாக்களித்தவர். இம்முறை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாக்களிப்பு நிலையத்தில் ஒரு வயதான அம்மா சீட்டை விரித்துவிட்டு, சின்னங்களின் வரிசையில் விரலை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே போய், பாதியில் நிறுத்தி, "தம்பி, இதில எங்கட ஆக்கள் ஆர்?" என்று தலைமை அலுவலரைச் சத்தமாகக் கேட்டார். அலுவலர் பதில் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை. உண்மையைச் சொன்னால், கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது. வீடு, சங்கு, சைக்கிள், மான் என்று எல்லோரும் எங்கட ஆக்கள்தான். அவர்கள் மேடையில் ஏசியதும் எங்கட ஆக்களைத்தான்.

வடலி (2024 நவம்பர் 18, மாலை)

சங்கைக் குறிப்பிட்டீர்கள், அண்ணை. அதுவே இந்தத் தேர்தலை விளங்கிக்கொள்ள நல்ல இடம் என்று நினைக்கிறேன். செப்டெம்பரில் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நின்று யாழ் மாவட்டத்தில் 116,688 வாக்குகள் பெற்றார். நவம்பரில் அதே சின்னத்தைக் கையில் எடுத்த கூட்டணி பெற்றது 22,513. சின்னத்தை எடுத்தவர்கள் அந்த வாக்குகளையும் முதுசமாக எடுத்துக்கொண்டதாக எண்ணிவிட்டார்கள். அதேபோல் செப்டெம்பரில் இங்கே முதலிடம் பிடித்த சஜித் பிரேமதாச பெற்றவை 121,177. அவருடைய ஐக்கிய மக்கள் சக்தி நவம்பரில் 4.70 சதவீதத்தோடு வெட்டுப்புள்ளிக்குக் கீழே விழுந்தது. அவருக்கு விழுந்தவற்றில் பெரும்பகுதி, தமிழரசுக் கட்சி ஆதரிக்கச் சொன்னதால் வந்தவை அல்லது ராஜபக்ச தரப்பின் மீதான பழைய அச்சத்தில் வந்தவை என்றே நான் கருதுகிறேன்.

ஆக, செப்டெம்பர் வாக்குகளில் எதுவுமே எந்தக் கட்சிக்கும் சொந்தமானதாக இருக்கவில்லை. நவம்பரில் நடந்ததை மாற்றம் என்று சொல்வதைவிட, ஏற்கெனவே கயிறறுந்து நின்ற வாக்குகள் கரைசேர இடம் தேடின என்று சொல்வது பொருத்தம். அநுர வெற்றி பெற்ற பின்னர் தேடும் திசையும் தெளிவாகிவிட்டது. ஆளப்போகிறவர் யார் என்று தெரிந்த பின் நடக்கும் பாராளுமன்றத் தேர்தலில் வென்ற பக்கத்துக்குச் சாய்வு ஏற்படுவது நாடெங்கும் காணப்பட்டதுதான்.

கணக்கன் (2024 நவம்பர் 18, இரவு)

நாடெங்கும் என்றதால் ஒரு குறிப்பு. தேசிய மக்கள் சக்தி 2020இல் 3 ஆசனங்களோடு இருந்த கட்சி. இப்போது 225இல் 159. வாக்கில் 61.56 சதவீதம். ஆனால் ஜனாதிபதித் தேர்தலோடு ஒப்பிட்டால் அந்தப் பக்கத்துக்குக் கூடியவை ஏறத்தாழ 12 இலட்சம் வாக்குகள்தான். சஜித்தின் பக்கத்தில் குறைந்தவை 24 இலட்சம் அளவில். வாக்களித்தோர் தொகையே சுமார் 18 இலட்சத்தால் சரிந்தது. மூன்றில் இரண்டு பெரும்பான்மையில் ஒரு பங்கை வீட்டிலிருந்தவர்கள் கொடுத்திருக்கிறார்கள். இது வென்றவர்களின் வெற்றியைச் சிறுமைப்படுத்தும் பேச்சன்று. எதிரே நின்றவர்கள் தங்கள் ஆதரவாளர்களை வெளியே கொண்டுவர முடியாத அளவுக்கு வெறுக்கப்பட்டிருந்தார்கள் என்பதும் ஒரு முடிவுதான்.

யாழ்ப்பாணத்துக்குத் திரும்புகிறேன். 2020 பாராளுமன்றத் தேர்தலில் இங்கே ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 49,373 வாக்குகளும் ஈ.பி.டி.பி. 45,797 வாக்குகளும் பெற்றன. இரண்டும் அன்றைய அரசின் பக்கம் நின்றவை, கூட்டினால் 95,170. இம்முறை திசைகாட்டியையும் ஈ.பி.டி.பி.யையும் கூட்டுங்கள்: 98,560. கொழும்பில் ஆள்பவரோடு தொடர்பு வேண்டும், வேலையும் வீதியும் வேண்டும் என்று எண்ணும் வாக்கு யாழ்ப்பாணத்தில் புதிதாகப் பிறக்கவில்லை. முன்பு இரண்டு வாசல்களில் பிரிந்து நின்றது. இப்போது ஒரு வாசலில் கூடியது. அதே வேளை தமிழ்த் தேசியம் பேசிய வாக்கு நான்கைந்து வாசல்களுக்குச் சிதறியது. அதிர்ச்சி என்று நாம் சொல்வது இந்த இரண்டும் ஒரே நாளில் நடந்ததைத்தான்.

பாசையூரான் (2024 நவம்பர் 19, காலை)

கணக்கனின் கூட்டல் கவர்ச்சியாக இருக்கிறது. அதனாலேயே அதில் ஒரு கண்ணி இருக்கிறது. 95 ஆயிரமும் 98 ஆயிரமும் அருகருகே இருப்பதால் அவை அதே மனிதர்களின் வாக்குகள் என்று ஆகாது. குளத்தின் மட்டம் போன ஆண்டைப் போலவே இருக்கிறது என்பதற்காகப் போன ஆண்டின் தண்ணீரே நிற்கிறது என்று யாராவது சொல்வார்களா? இடையில் 2022 வந்தது. எரிபொருள் வரிசை வந்தது, நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். 2020இல் வாக்களிக்கும் வயதை எட்டாத பிள்ளைகள் இப்போது வாக்காளர்கள். வாக்களித்தவர்களில் பலர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

நவம்பர் 10ஆம் திகதி எங்கள் ஊரில் நடந்த அநுரவின் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். வேடிக்கை பார்க்கவே போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வந்திருந்தவர்களில் பேருந்தில் ஏற்றிவரப்பட்டவர்கள் இல்லாமலில்லை. ஆனால் எனக்குப் பக்கத்தில் நின்ற கடற்றொழிலாளர்கள் மூவரும் பழைய அரசாங்கக் கட்சிகளுக்கு ஒருபோதும் வாக்களித்தவர்கள் அல்லர். காணி விடுவிப்பைப் பற்றிப் பேசியபோது அவர்கள் கைதட்டவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உற்றுக் கேட்டார்கள். அதற்கு ஒன்பது நாள்களுக்கு முன்தான், நவம்பர் முதலாம் திகதி, வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதியை 34 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்துவிட்டிருந்தார்கள். எத்தனையோ அரசாங்கங்களிடம் கேட்டுக் கிடைக்காத ஒன்று கேட்காமலே கிடைத்ததுபோல ஓர் எண்ணம் பலருக்கு ஏற்பட்டது. கேட்டவர்கள் இல்லாமல் கிடைக்கவில்லை என்பது வேறு விடயம். அந்த எண்ணம் வாக்காக மாறியது என்பதை மறுக்க முடியாது. ஆகவே வாசல் மாறியது மட்டும் நடக்கவில்லை. புதிய ஆட்களும் வந்தார்கள். எவ்வளவு பேர் என்பதைக் கூட்டல் கணக்கு சொல்லாது.

கணக்கன் (2024 நவம்பர் 19, மதியம்)

ஏற்றுக்கொள்கிறேன். "அதே வாக்கு" என்று நான் எழுதவில்லை என்று வாதிடலாம், ஆனால் அப்படித்தான் வாசிக்கும்படி எழுதியிருக்கிறேன். வீடும் சங்கும் சேர்ந்திருந்தால் என்ற கணக்குக்கும் இதே குறை உண்டு: சேர்ந்து நின்றிருந்தால் சிலர் கூடுதலாக வந்திருப்பார்கள், சிலர் சேர்க்கை பிடிக்காமல் விலகியிருப்பார்கள். 2020இல் கூட்டமைப்பாக நின்றபோது பெற்றவை 112,967. பிரிந்து நின்று இருவரும் பெற்றவை 85,840. பிரிவு மட்டும்தான் காரணமென்றால் இந்த 27 ஆயிரம் எங்கே போனது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தப் பிரிவில் தமிழ்க் காங்கிரஸுக்குப் பங்கில்லை. அதுவும் 55,303இலிருந்து பாதியாகிவிட்டது.

வாவிக்கரை (2024 நவம்பர் 20, இரவு)

யாழ்ப்பாணத்தை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் திசைகாட்டி முதலிடம் பெறாதது எங்கள் மட்டக்களப்பு ஒன்றுதான். இங்கே தமிழரசுக் கட்சிக்கு 96,975 வாக்குகள், ஐந்தில் மூன்று ஆசனங்கள். தேசிய மக்கள் சக்திக்கு 55,498, ஓர் ஆசனம். மட்டக்களப்பான் யாழ்ப்பாணத்தானைவிடப் பெரிய தமிழ்த் தேசியவாதி என்று இதற்கு யாராவது விளக்கம் சொன்னால் நாங்களே சிரிப்போம்.

காரணம் எளியது. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் மாவட்டத்தில் வாக்குச் சிதறினால் ஆசனம் கையைவிட்டுப் போகும் என்பது இங்கே தேநீர்க் கடைப் பேச்சு. யாழ்ப்பாணத்தில் யார் வென்றாலும் வெல்வது தமிழர்தான். திசைகாட்டியின் மூவரும் தமிழர்கள்தானே. அங்கே பரிசோதனை செய்வதற்கு விலை குறைவு. திருகோணமலையில் வீடும் சங்கும் ஒரே பட்டியலில் நின்றன. அதே அச்சம்தான் காரணம், அதனால் ஓர் ஆசனம் மிஞ்சியது. ஒரே இனம், ஒரே தேர்தல், ஒரே அலை. மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு முடிவு. ஆகையால் இதைத் தமிழரின் மனமாற்றம் என்று ஒரே சொல்லில் சுருக்குகிறவர்கள் கிழக்கைப் பார்க்கவில்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இங்கே தமிழரசுக் கட்சியின் சாணக்கியன் 65 ஆயிரத்துக்கு மேல் விருப்பு வாக்குகள் பெற்றார். கட்சி அங்கே தளர்ந்திருந்ததுபோல் இங்கே தளர்ந்திருக்கவில்லை.

கடல்கடந்தவன் (2024 நவம்பர் 21, அதிகாலை)

வாவிக்கரை சொல்வது எனக்கு உறைக்கிறது. ஆனால் விலை குறைவு என்பதை ஏற்கவில்லை. நாளை வெளிநாட்டுப் பிரதிநிதிகள் வந்து, உங்கள் யாழ்ப்பாணமே அரசுக்கு வாக்களித்துவிட்டதே, இன்னும் என்ன தீர்வு கேட்கிறீர்கள் என்று கேட்டால் 5 சதவீத வெட்டுப்புள்ளியையும் மீதிக் கணக்கையுமா விளக்கப் போகிறீர்கள்?

பழைய முகவர் (2024 நவம்பர் 21, காலை)

விளக்கத்தான் வேண்டும், ஐயா. 1994இல் ஈ.பி.டி.பி. சுமார் 10 ஆயிரம் வாக்குகளை வைத்து யாழ் மாவட்டத்தின் பத்தில் ஒன்பது ஆசனங்களை எடுத்தது. அன்று அதை மக்கள் தீர்ப்பு என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. போர்க் காலம், வாக்களிக்க ஆளில்லை என்று கணக்குச் சொன்னோம். அன்று எங்களுக்குக் கணக்கு இனித்தது. இன்று அதே கணக்கு எங்கள் கட்சிகளின் சிதறலைக் காட்டுவதால் கசக்கிறது. அன்று தொடங்கி இத்தனை ஆண்டுகள் தொடர்ந்து உறுப்பினராக இருந்த டக்ளஸ் தேவானந்தாவும் இம்முறை தோற்றார், 2010 முதல் இருந்த தமிழரசுக் கட்சியின் சுமந்திரனும் தோற்றார். எதிரெதிர்த் துருவங்களில் நின்ற இருவரும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டதை மறதி என்றோ துரோகம் என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழையவர்கள் போதும் என்று மக்கள் சொன்னதாகவே எனக்குப் படுகிறது.

வடலி (2025 மே 9, மாலை)

ஆறு மாதம் கழித்து இதே இடத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் நாம் விவாதித்தவற்றைச் சரிபார்க்க ஒரு தேர்தல் வந்துவிட்டது. மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் யாழ் மாவட்டத்தின் பெரும்பாலான சபைகளில் தமிழரசுக் கட்சி மீண்டும் முதலாவதாக வந்திருக்கிறது. யாழ் மாநகர சபையில் அதற்கு 13 உறுப்பினர்கள், தமிழ்க் காங்கிரஸ் தரப்புக்கு 12, தேசிய மக்கள் சக்திக்கு 10. நாடளாவிய அளவிலும் திசைகாட்டியின் பங்கு 61இலிருந்து 43 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது.

வட்டார முறையும் விகிதாசாரமும் கலந்த இந்தத் தேர்தலைப் பாராளுமன்றத் தேர்தலோடு நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்பது தெரியும். பாசையூரான் சொன்ன புதிய ஆட்கள் எங்கே போனார்கள்?

பாசையூரான் (2025 மே 9, இரவு)

சிலர் திரும்பிவிட்டார்கள். சிலர் இம்முறை வாக்களிக்கவே போகவில்லை. சிலர் அங்கேயே இருக்கிறார்கள். மாநகர சபையில் பத்துப் பேர் சும்மா வரவில்லை. கைகட்டி நின்று கேட்ட மூவரில் ஒருவரை நேற்றுக் கரையில் கண்டேன். நவம்பரில் திசைகாட்டிக்குப் போட்டேன், இப்போது எங்கள் வட்டாரப் பெடியனுக்குப் போட்டேன் என்றார். அந்தப் பெடியன் எந்தக் கட்சி என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, வீடாக இருக்க வேண்டும் என்றார்.